பதினொரு மணி ரேடியோ

ஜூலை 20, ஞாயிறு

இன்று அம்மாவிடம் கேட்காமல் விட்டது: “உனக்குப் பிடிக்கலையாம்மா?”

கேட்டிருந்தால், “சேச்சே, நல்லாத்தானே இருக்கு” என்றிருப்பாள். நானும் அதை வாங்கிக்கொண்டு தூங்கப் போயிருப்பேன்.

அப்பா நூற்பாலையில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு ஜூன் கடைசியில் ஓய்வு பெற்றார். அதற்கு என் பரிசாகக் காரில் பழைய ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு, தொடுதிரை வைத்த புதியது ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். பின்பக்கத்தைக் காட்டும் கேமராவும் உண்டு. ஜங்ஷன் பக்கத்தில் ஒரு பெரிய கடையில் காலையில் பொருத்தினார்கள். பழையதை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு டிக்கியில் வைத்துவிட்டார்கள்.

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, “ஏட்டி மதி, ஏரோப்ளேன் மாதிரில்லா இருக்கு!” என்றார்.

அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“இதுல ரேடியோ வருமா?”

“எல்லாம் வரும்மா.”

போட்டுப் பார்க்காமலே சொன்னேன்.

ஜூலை 22, செவ்வாய்

எங்கள் கார் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். கல்யாணம், கோயில், யாராவது ஊரிலிருந்து வந்தால் ரயில்வே ஸ்டேஷன். மற்ற நாட்களில் ஷெட்டில் உறை போர்த்தி நிற்கும். நின்றுகொண்டே இருந்தால் பேட்டரி இறங்கிவிடும் என்பதால் தினமும் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது அம்மாவின் வேலை. அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்டார்ட் செய்ய மட்டும் தெரியும். பத்து ஐம்பதுக்கு உறையை விலக்கிவிட்டு உட்காருவாள். பத்து நிமிடத்தில் எஞ்சின் அணைந்துவிடும். அம்மா திரும்பி வர பதினொன்றரை ஆகும்.

வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்தும் வேலை எனக்கு. மாடியில் என் ஜன்னல் ஷெட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. இரண்டு வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏன் அவ்வளவு நேரம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஒரு வரியில் ஒற்று விடுபட்டால் கண்ணில் பட்டுவிடும், இது படவில்லை.

இன்று பத்து மணியிலிருந்தே அப்பா காருக்குள். எதிர்வீட்டுப் பிச்சையா மாமாவைக் கூப்பிட்டுப் பின் கேமராவைக் காட்டினார். “சங்கரலிங்கம், உன் வீட்டுக் கோலம் டிவியில வருதுய்யா” என்று மாமா சிரித்தார். அம்மா பத்து ஐம்பதுக்குச் சாவிக்காக ஆணியைத் தடவிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

ஜூலை 23, புதன்

அறுபது பக்கம் திருத்தினேன். சாயங்காலம் மழை. மொட்டைமாடித் துணியை எடுக்க மறந்தோம்.

ஜூலை 25, வெள்ளி

அப்பா வங்கிக்குப் போயிருந்தார். அம்மா பத்து நாற்பதுக்கே ஷெட்டுக்குப் போனாள். கையில் ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும். சமையல் சாமான் எழுதப் போகிறாள் என்று நினைத்தேன். ஜன்னலுக்குக் கீழே ஒரே இரைச்சல். எண்ணெயில் அப்பளம் போட்டது மாதிரி, நிற்காமல். நடுவே ஏதோ சினிமாப் பாட்டு கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

பதினொன்று இருபதுக்கு வந்தாள். இத்தனை நேரம் அந்த இரைச்சலில் என்ன செய்தாள் என்று தெரியவில்லை.

“ரேடியோல ஒண்ணும் வரமாட்டேங்குது” என்றாள், ஃபிரிட்ஜுக்குச் சொல்வதுபோல.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். “இந்தக் காலத்துல யாரு ரேடியோ கேக்கா? பென்டிரைவ்ல ஐந்நூறு பாட்டு போட்டு வச்சிருக்கேன். கேளு செல்வி, என்ன பாட்டு வேணும் உனக்கு?”

“எதுவும் வேண்டாங்க. ரசம் ஊத்தட்டுமா?”

மூன்று பேருக்கு ஒரு கிலோ பீன்ஸ் நறுக்கியிருந்தாள்.

ஜூலை 27, ஞாயிறு

அப்பா மத்தியானம் தூங்கியபோது காரில் உட்கார்ந்து பார்த்தேன். கூரைமேல் இருக்கும் ஆன்டெனாக் கம்பியைத் திருகி இறுக்கினேன். மாற்றம் இல்லை. பிறகு ஒன்று கண்ணில் பட்டது. நிலையத்தை மாற்றினால் எண் 90.3, 90.5, 90.7 என்று தாவுகிறது. நடுவில் இருப்பது வருவதே இல்லை. இணையத்தில் தேடிப் படித்தேன். கருவி எந்த நாட்டுக்கு என்று அமைப்பில் ஒரு இடம் உண்டாம். இதை அமெரிக்கா என்று விட்டுவிட்டார்கள். அங்கே எல்லா நிலையங்களும் ஒற்றைப்படையில்தான் முடியுமாம். பாளையங்கோட்டையில் நிற்கும் கார் ஒரு வாரமாக அமெரிக்காவில் இருந்திருக்கிறது. இந்தியாவுக்கு மாற்றினேன்.

எண்கள் வந்தன, குரல் வரவில்லை. பெரிய நிலையங்கள் மட்டும் தொண்டை கட்டினாற்போலப் பேசின.

அப்பா சிகரெட் லைட்டர் துளையில் செருகியிருக்கும் போன் சார்ஜரைப் பிடுங்கினால் இரைச்சல் சற்றுக் குறைகிறது. ஆனால் போகவில்லை.

ஒரு சின்ன ரேடியோ வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அதை எங்கே வைத்துக் கேட்பாள்? கூடத்தில் காலையிலிருந்து செய்திச் சேனல் ஓடுகிறது. அடுப்படியில் வைத்தால் அப்பா வந்து, “என்ன ஓடுது?” என்பார். இந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ள எனக்கு மாடி அறை இருக்கிறது. அப்பாவுக்குக் கூடம் இருக்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

இன்று நீளமாக எழுத வேண்டும்.

“டயர்ல காத்துப் பிடிச்சுட்டு வாரேன்” என்று காரை எடுத்தேன். பொருத்திய கடைக்குப் போகவில்லை. மேலப்பாளையம் போகிற வழியில் ஒரு சின்ன ஒர்க்ஷாப். காதர் அண்ணன் என்று பெயர். காருக்குள் தலையும் வெளியே காலுமாகத்தான் அவரை முதலில் பார்த்தேன்.

“புது செட்டு, ரேடியோ எடுக்கலை. அதானே? வாரத்துக்கு ரெண்டு வருது இப்படி. பழைய செட்டு வச்சிருக்கீங்களா, எடைக்குப் போட்டாச்சா?”

டிக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். புதியதைக் கழற்றித் தொங்கவிட்டுவிட்டு, பழையதைப் பழைய இணைப்பிலேயே செருகினார். மணி பதினொன்று ஐந்து இருக்கும். ஒரு பெண் குரல், பக்கத்து சீட்டில் இருப்பதுபோலத் தெளிவாக.

“ஆன்டெனா தங்கம் மாதிரி இருக்கு” என்றவர், அடுத்த நிலையத்துக்குப் போகப் பொத்தானை அழுத்தினார். அதே குரல். அடுத்தது. அதே குரல். ஆறையும் அழுத்தினார்.

“என்ன தங்கச்சி இது? ஆறு பட்டன்லயும் ஒரே ஸ்டேஷனைப் போட்டு வச்சிருக்கீங்க?”

“நான் இல்லண்ணே. அம்மா.”

“தப்பா அமுக்குனாலும் இதுதான் வரணும்னு நினைச்சிருக்காங்க. காலேஜ் ரேடியோல்லா இது. எங்க வீட்டுலயும் கேப்பாங்க. நம்ம ஊரைத் தாண்டினா கேக்காது, சின்ன டவர்.”

ஒரு மகளிர் கல்லூரி நடத்தும் சமுதாய வானொலி. 90.4. நிகழ்ச்சியின் பெயர் ‘மனக்கணக்கு’. தினம் பதினொரு மணிக்குக் கணக்குப் புதிர்கள். வெள்ளிக்கிழமை நேயர்கள் போனில் விடை சொல்ல வேண்டும், அதற்கு மதிப்பெண். பன்னிரண்டு வாரத் தொடராம். அந்தப் பெண் பட்டியலை வாசித்தாள்.

“பத்தாவது வாரம் வரைக்கும் முதல் இடத்துல இருந்த பாளையங்கோட்டை ஆவுடைச்செல்வி அம்மா, போன வெள்ளிக்கிழமை கூப்பிடலை. பத்து வாரமா ஒரு தடவைகூடத் தவறாம கூப்பிட்டவங்க. அம்மா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? வர்ற வெள்ளி கடைசிச் சுற்று. ரெண்டு வாரம் விட்டா பட்டியல்ல பேர் இருக்காது, ஞாபகம் வச்சுக்கோங்க.”

ஆவுடைச்செல்வி என் அம்மா.

அம்மா பி.எஸ்சி. கணிதம். எனக்குப் பள்ளி விண்ணப்பம் நிரப்பியபோது தாயாரின் கல்வித்தகுதி என்ற இடத்தில் எழுதியிருக்கிறேன். அதோடு சரி. அப்பா தினமும் பேப்பரில் சுடோகு போடுவார். அம்மா காபி வைக்கும்போது குனிந்தால், “இது உனக்குப் புரியாது செல்வி, தலைவலி பிடிச்சது” என்பார். அம்மாவும் தலையாட்டிவிட்டுப் போவாள்.

காதர் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ரேடியோ கவலை என்று நினைத்துக்கொண்டார். “பயப்படாதீங்க. கூரையில இருக்கது வெறும் கம்பி இல்ல. அது அடியில ஒரு குட்டிப் பெட்டி இருக்கு. லேசாக் கேக்குற குரலைத் தூக்கிக் குடுக்கும். அதுக்குச் சோறு, அதான் கரண்ட், போடணும்ல? பழைய செட்டு தானா போட்டுச்சு. புதுசுல அதுக்குன்னு ஒரு நீல வயர் தனியா வரும். உங்களுக்கு மாட்டினவன் அதை டேப் சுத்திச் சும்மா தொங்க விட்டிருக்கான், பாருங்க.”

பார்த்தேன். பளபளவென்று கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய நீல வயர், எதனோடும் சேராமல்.

“புதுசு வேண்டாம்னா பழசையே மாட்டித் தந்துருவேன்” என்றார். ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு, பிச்சையா மாமாவுக்குக் கோலம் காட்டும் அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. “புதுசே இருக்கட்டும்ணே. அந்த வயரைச் சேத்துருங்க.”

சேர்த்தார். குரல் வந்தது. சார்ஜர் செருகினால் மட்டும் மெல்ல ஒரு கரகரப்பு. “அதை அப்பப்போ பிடுங்கிருங்க” என்றார்.

90.4-ஐ முதல் இடத்தில் மட்டும் பதிந்து வைத்தேன். ஆறிலும் வைத்தால் தெரிந்துவிடும்.

ஜூலை 29, இரவு

தோசை சாப்பிடும்போது பொதுவாகச் சொன்னேன்: “காத்துப் பிடிக்கப் போன இடத்துல ரேடியோவையும் பார்க்கச் சொன்னேன். இப்ப வருது.”

“அப்படியா?” என்றார் அப்பா.

அம்மா, நான் போதும் என்ற பிறகு இன்னொரு தோசை போட்டாள்.

ஜூலை 30, புதன்

அப்பா காருக்குள். பத்து மணி முதல் பன்னிரண்டு வரை. திரையில் உலக வரைபடம் பார்த்தார்.

அம்மா கார் ஷெட்டைக் கூட்டினாள். கார்க் கதவுக்குக் கீழே கிடந்ததாம், ஒரு சின்னக் கறுப்பு டேப் துண்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். எதற்கு என்னிடம் என்று தெரியவில்லை. குப்பையில் போட்டேன்.

ஜூலை 31, வியாழன்

இன்றும் அப்பா காருக்குள். பிச்சையா மாமாவும் உடன். நான் வாங்கிக் கொடுத்த பரிசுதான் அம்மாவின் இடத்தில் அவரை உட்கார வைத்திருக்கிறது. வயரைச் சரி செய்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

அப்பாவிடம் சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை சொன்னால் இறங்கிவிடுவார். அம்மாவைத் திட்டவோ கேலி செய்யவோ மாட்டார், பெருமைப்படுவார். அதுதான் பயம். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். நாளைக்குக் கூடத்தில் நாற்காலி போட்டு, டிவியை அணைத்து, பிச்சையா மாமா வீட்டாரையும் உட்கார வைத்து, “இப்ப கேளுங்க, எங்க செல்வி பேசுவா” என்பார். அதற்குப் பிறகு அம்மா அந்த நிகழ்ச்சிக்கு எப்போதும் போன் செய்ய மாட்டாள்.

நான் இந்த நோட்டை அலமாரியில் பழைய அகராதிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. யாராவது எடுத்து, “நல்லா எழுதியிருக்கியே” என்றால் அன்றோடு நிறுத்திவிடுவேன். அம்மாவும் அப்படித்தான். அவளைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இது ஒன்றுதான்.

அப்பா தன் மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்கிறார். நாளை காலை பத்தரைக்குக் கண் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். ஸ்கூட்டரில்தான். கார் வேண்டாம், அங்கே நிறுத்த இடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். இடம் இருக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கிளம்பும்போது அம்மா வாசல் வரை வந்தாள். “மெதுவா போயிட்டு வாங்க. அவசரமே இல்ல.”

டாக்டர் வரவில்லை. அவர் மச்சினனுக்குக் கல்யாணமாம், கிளினிக்கில் காகிதம் ஒட்டியிருந்தது. அப்பா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். பக்கத்துக் கண்ணாடிக் கடையில் சட்டங்கள் பார்க்கலாம் என்றேன். “டாக்டர் எழுதித் தராம சட்டத்தை வாங்கி என்ன செய்ய?” மார்க்கெட் போகலாம் என்றேன். “வெயில் மண்டையைப் பொளக்கு. ஏட்டி, வீட்டுக்கே போவோம்.” வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. மெதுவாக ஓட்டினேன். ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டிப் போனது.

வீட்டுக்கு வந்தபோது பதினொன்று ஏழு. தெருமுனைச் சரிவில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வந்தேன். கேட் பாதி திறந்திருந்தது. ஷெட்டில் காரின் பின்பக்கம், கேமராவோடு எங்களைப் பார்த்தபடி. கண்ணாடியை இறக்கி வைத்திருந்தாள். ரேடியோவில் அந்தப் பெண் கேள்வி வாசித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு கல்யாணப் பந்தி. மூணு பேருக்கு ஒரு கிண்ணம் கூட்டு. நாலு பேருக்கு ஒரு கிண்ணம் பொரியல். ஆறு பேருக்கு ஒரு கிண்ணம் பாயசம். மொத்தம் இருபத்தேழு கிண்ணம் செலவாச்சு. பந்தியில எத்தனை பேர்? முதல்ல சரியாச் சொல்றவங்களுக்குப் பத்து மார்க்.”

அப்பா நின்றுவிட்டார். அம்மா இருக்கிறாள் என்பதால் இல்லை. கணக்கு காதில் விழுந்ததால். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் விரலை மடக்கினார். “இருபத்தேழை மூணால வகுத்தா ஒன்பது…”

ரேடியோ சத்தம் சட்டென்று குறைந்தது.

“ஹலோ, ஆமா, ஆவுடைச்செல்விதான் பேசுதேன். குறைச்சுட்டேன் மேடம், ரேடியோவைக் குறைச்சுட்டேன். உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, போன வாரம் ரேடியோதான் படுத்துருச்சு. விடை முப்பத்தாறு.”

அப்பாவின் விரல்கள் அப்படியே நின்றன.

“பன்னிரண்டு கிண்ணம் கூட்டு, ஒன்பது பொரியல், ஆறு பாயசம். மூணையும் கூட்டினா இருபத்தேழு. ஆனா மேடம், ஒண்ணு சொல்லணும். கணக்கு சரி, பந்தி சரியில்ல. ஆறு பேருக்கு ஒரு கிண்ணம் பாயசம்னா அந்தக் கல்யாணத்துக்கு நான் போக மாட்டேன்.”

அந்தப் பக்கம் சிரித்திருப்பார்கள் போல. அம்மாவும் சிரித்தாள். உரக்க, தொண்டையிலிருந்து. அது எங்கள் வீட்டில் நான் கேட்ட சிரிப்பு இல்லை.

அப்பா என் கையைப் பிடித்தார். கேட்டுக்குள் வைத்த காலை மெல்ல வெளியே எடுத்தார்.

“வா, போய்க் காப்பி குடிச்சுட்டு வருவோம்” என்றார், ரொம்ப மெதுவாக.

“சரிப்பா.” சாவியைத் திருப்பப் போனேன்.

“ஸ்டார்ட் பண்ணாத. தள்ளிக்கிட்டு வா.”

முக்குக் கடைவரை தள்ளினோம். அப்பா பின்னாலிருந்து கை கொடுத்தார். ஹெல்மெட்டோடு பெஞ்சில் உட்கார்ந்தவர், காபி வந்த பிறகுதான் கழற்றினார்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“செவ்வாய்க்கிழமைதான் தெரியும்.”

“உனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அப்பா காபியை ஆற்றினார். ஆறிய பிறகும் ஆற்றினார். “அப்ப எனக்கும் தெரியாது” என்றார். பிறகு, “நான் இருபத்தேழை மூணால வகுத்தேன் பாரு” என்று தன்னைத் தானே நொந்துகொண்டார்.

பன்னிரண்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தோம். தெருவில் நுழைந்ததும் அப்பா ஹாரன் அடிக்கச் சொன்னார், இரண்டு தடவை.

மத்தியானம் பாயசம் வைத்திருந்தாள். எதற்கு என்று அப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பா மூன்று கிண்ணம் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 2, சனி

அப்பா இன்று காருக்குள் போகவில்லை. உள்ளே உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறதாம். பத்தரைக்கு நூலகத்துக்குக் கிளம்பிவிட்டார். அங்கே எல்லாப் பேப்பரும் வரும் என்றார். போகும்போது கார் சார்ஜரைப் பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதை எப்படி அறிந்தார் என்று யோசித்தேன். நேற்றுக் காபிக் கடையில் நான்தான் சொல்லியிருக்கிறேன்.

மத்தியானம் அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். “டாக்டர் இல்லைன்னா நேரா வீட்டுக்கு வர வேண்டியதுதானே. வேகாத வெயில்ல வண்டியைத் தள்ளிக்கிட்டு எங்க போனீங்க ரெண்டு பேரும்?”

“பெட்ரோல் தீந்துருச்சும்மா.”

“ம்” என்றாள். அப்பாவின் சட்டையை நாலாக மடித்து, மேலே ஒரு தட்டுத் தட்டினாள்.

எதிர்வீட்டு மாமா சொல்லியிருக்க வேண்டும். நல்லவேளை, அம்மாவுக்கு வேறு எதுவும் தெரியாது.

ஆகஸ்ட் 4, திங்கள்

பதினொரு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை பார்த்தேன். கீழே நடப்பது என் காதுக்கு இல்லை.

பதினொன்று பத்துக்குக் கொஞ்சம் திறந்தேன். அம்மா இரண்டாவது இடம். முதல் இடம் சமாதானபுரத்தில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு. வித்தியாசம் நான்கு மதிப்பெண். விட்டுப்போன அந்த ஒரு வெள்ளிக்குப் பத்து.

இதையும் அம்மாவிடம் சொல்லப் போவதில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

இரவுச் சாப்பாட்டில் அம்மா தானாகவே சொன்னாள். முன்னுரை எதுவும் இல்லை. எங்களுக்கு எல்லாம் தெரியும் என்பதுபோலப் பேசினாள்.

“காலேஜ்லருந்து கூப்பிட்டாங்க. அடுத்த தொடருக்குப் புதிரெல்லாம் நீங்களே எழுதித் தாங்க, வாரம் ஒரு நாள் வந்து பேசுங்கன்னு கேட்டாங்க.”

அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை. “நீ என்ன சொன்ன?”

“முடியாதுன்னுட்டேன். எனக்குக் கேக்கத்தான் பிடிக்கும்.”

“சரி” என்றார் அப்பா.

தொடர் வரும் திங்கட்கிழமை ஆரம்பிக்கிறது. அம்மா நேயராகப் பெயர் கொடுத்துவிட்டாள்.